நூறு ரூபாய் எப்படி நாலு ரூபாய் ஆனது?

திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருந்தார். அவருடைய அம்மாவுக்கு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை. அம்மாவின் வரவைக் கூட்டிப் பார்க்க ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார். அன்று முதல் ஐந்து பேரும் ஆளுக்கு நூறு ரூபாய்க்கு மல்லிகை வாங்கியிருந்தார்கள். திரையில் வந்ததோ 100, 'எண் அல்ல', 4, 9, 16. "லேப்டாப் ராசியில்லை, மாத்திரு" என்றார்களாம் நண்பர்கள்.

மெஷினுக்கு ராசி கிடையாது. ஆயுத பூஜையன்று லேப்டாப்புக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. தப்பான விடையை ராசி என்று சொல்லி மூடிவைப்பதுதான் வருத்தம். 4, 9, 16 மூன்றும் வர்க்க எண்கள் என்பதைக் கவனித்தீர்களா?

அவர் பயன்படுத்தியது ஜாவாஸ்கிரிப்டில் உள்ள 'மேப்' என்ற கட்டளை. கணக்கு நோட்டில் இடப்பக்கம் வரிசையாக எடை, நேர் எதிரே வலப்பக்கம் விலை எழுதுகிறோமே, அதே வேலைதான். மதிப்புகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பதுதான் அணி. அதன் ஒவ்வோர் உறுப்பையும் நாம் சொல்லும் ஃபங்ஷனிடம், அதாவது ஒன்றை வாங்கி விடை தரும் சின்ன நிரலிடம், கொடுத்து, வந்த விடைகளைப் புது அணியாக அடுக்கித் தரும். பழைய அணி அப்படியே இருக்கும். 1960-ல் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் என்ற கணினி மொழியை விளக்கிய கட்டுரையிலேயே இதன் மூதாதையான 'மேப்லிஸ்ட்' உண்டு. ஜாவாஸ்கிரிப்டின் அதிகாரபூர்வ வரையறைக்குள் மேப் வந்தது 2009-ல்.

சரி, தப்பு எங்கே? உள்ளீட்டுப் பெட்டியிலிருந்து வரும் "100" வெறும் எழுத்துகள். அதை எண்ணாக்க அவர் 'பார்ஸ்இன்ட்' என்ற ஃபங்ஷனை மேப்பிடம் கொடுத்தார். மேப் தாராளமானது. உறுப்போடு நிற்காமல், அது எத்தனையாவது இடம் என்பதையும் முழு அணியையும் சேர்த்தே நீட்டும். இடத்தை எண்ணுவது பூஜ்ஜியத்திலிருந்து. பார்ஸ்இன்ட்டோ இரண்டு பொருளை வாங்கிக்கொள்ளும்: எழுத்து, அடிமானம். எத்தனை இலக்கங்களை வைத்து எண்ணுகிறோம் என்பதே அடிமானம்; நாம் அன்றாடம் எண்ணுவது பத்தில். ஆக, மேப் 'எத்தனையாவது' என்று சொன்னதை இது 'எந்த அடிமானம்' என்று எடுத்துக்கொண்டது!

முதல் ஆளுக்கு 0. அடிமானம் சொல்லப்படவில்லை என்று கொண்டு பத்தாகவே படித்தது; 100 சரியாக வந்தது. அடுத்தவருக்கு 1. அடிமானம் 2 முதல் 36 வரைதான் இருக்கலாம், அதனால் 'எண் அல்ல'. மூன்றாமவருக்கு 2. இரண்டடிமானத்தில் இடமதிப்புகள் 4, 2, 1. அங்கே "100" என்றால் நாலு. நாலாமவருக்கு 3. இடமதிப்புகள் 9, 3, 1, ஆகவே ஒன்பது. எந்த அடிமானத்திலும் "100" அந்த அடிமானத்தின் வர்க்கம்தான்! பிளஸ் ஒன்னில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அடிமான மாற்றம், பூக்கடைக் கணக்கில் தானாக வந்து நிற்கிறது. வகுப்பில் இதை வைத்தே பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.

திருத்தம் சுலபம். பார்ஸ்இன்ட்டுக்குப் பதில் 'நம்பர்' என்று கொடுத்தால் போதும். அது முதல் பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடும். ஆனால் தம்பி, திருத்துவதற்கு முன் ஒருமுறை ஐந்து இடத்திலும் "1000" என்று போட்டு ஓட்டிப் பாருங்கள். கடைசி மூன்று இடங்களில் 8, 27, 64 வரும்.