பழைய அளவு ஜாக்கெட்

என் அறைக்கு வெளியே, செவிலியரின் மேசையை ஒட்டி ஓர் எடை இயந்திரம் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. 45 வயதைத் தாண்டிய பெண்கள் அந்த இயந்திரத்தின் மீது ஏறும் விதத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். செருப்பைக் கழற்றுவார்கள், கைப்பையை இறக்கி வைப்பார்கள், சிலர் கைப்பேசியைக்கூட மேசையில் வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள்; ஏறியதும் கீழே பார்க்காமல் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "எழுதிக்கோங்க சிஸ்டர், சத்தமா மட்டும் சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொள்பவர்கள் பலர். எடையே பார்க்க வேண்டாம் என்பவர்களும் உண்டு.

சென்ற ஆண்டு அப்படி மறுத்தவர்களில் ஒருவர் 48 வயதுப் பள்ளி ஆசிரியை. (இங்கே குறிப்பிடும் பெண்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வெள்ளைப்படுதல் என்று சொல்லித்தான் அவர் வந்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தபோது உட்புறம் வெளிறிக் கிடந்தது. விசாரித்தபோதுதான், எட்டு மாதங்களாக மாதவிடாய் 10, 12 நாள்கள் வரை நீடிப்பதும், அந்த நாள்களில் கறைக்குப் பயந்து அடர்நிறப் புடவையாகவே கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவதும் தெரியவந்தது. ஹீமோகுளோபின் 7.2தான் இருந்தது, கடுமையான ரத்தசோகை. இத்தனை மாதம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "போன தடவை வந்தப்ப, முதல்ல உடம்பைக் குறைங்கன்னு சொன்னீங்க மேடம். குறையல. அதான் வரல" என்றார். பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். முந்தைய வருகையின் கீழே, 'எடையைக் குறைக்க அறிவுறுத்தப்பட்டது' என்று என் கையெழுத்தில் ஒற்றை வரி இருந்தது. எடை ஏன் கூடியது, எப்படிக் குறைப்பது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நடுவயதுப் பெண்ணின் தோற்றக் கவலையை அலங்காரச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடும் வழக்கம் வீட்டாரிடம் மட்டுமன்றி மருத்துவர்களாகிய எங்களிடமும் இருக்கிறது. தன் உடம்பைத் தானே பார்க்கக் கூசும் ஒருவர் அதை மருத்துவரிடம் காட்டவும் கூசுவார் என்பதை நாங்கள் எளிதில் மறந்துவிடுகிறோம். அந்தக் கூச்சத்தால் தாமதமாகிப்போன நோய்களைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஆசிரியையின் உடம்பில் நடந்தது இதுதான். மாதவிடாய் முற்றிலும் நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே சில மாதங்களில் கருமுட்டை வெளியாவதில்லை. முட்டை வெளியாகாத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் போதிய அளவு சுரக்காது. இன்னொரு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மட்டும் கருப்பையின் உட்சுவரைத் தடிமனாக வளர்த்துக்கொண்டே போகும். உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்புத் திசுவும் தன் பங்குக்கு ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கக்கூடியது. தடித்த சுவர் ஒழுங்கில்லாமல் உதிரும்போது பெரும் ரத்தப்போக்கு ஏற்படுகிறது. ஆகவே எடைக்கும் அவருடைய நோய்க்கும் தொடர்பு இருந்தது உண்மையே. அதைச் சொன்ன விதம்தான் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் செய்து புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தபின், ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனத்தைப் பொருத்தினோம். இரும்புச் சத்தை நரம்பு வழியாக ஏற்றினோம்.

எடை ஏன் கூடுகிறது என்பதை அன்று எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். 12 மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால்தான் அது நின்றுவிட்டதாகக் கணக்கு. இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது. மேலைநாடுகளில் 51 வயதை ஒட்டி நிகழ்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கத் தொடங்கி, பிறகு சரிகிறது. இளமையில் இடுப்புக்குக் கீழும் தொடையிலும் தங்கிய கொழுப்பு, இப்போது வயிற்றுக்குள் குடல்களைச் சுற்றிச் சேர ஆரம்பிக்கிறது. 30 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைவதால், அதே சாப்பாட்டுக்கு முன்பைவிடக் குறைவாகவே எரிபொருள் செலவாகிறது. நாலு இட்லி சாப்பிட்டவர் நாலு இட்லியே சாப்பிட்டாலும் வயிறு முன்னே வருவது இதனால்தான். வாயைக் கட்டாததால் வந்த வினை என்று அவரை ஏசுவதில் நியாயமில்லை.

இதை முதலில் அறிவிப்பது பெரும்பாலும் தையல்காரர்தான். நம் ஊரில் புதுத் துணி கொடுக்கும்போது 'அளவு ஜாக்கெட்' ஒன்றையும் சேர்த்துக் கொடுப்போம். நன்றாகப் பொருந்திய பழைய ஜாக்கெட் அது. பலருக்குப் பத்து ஆண்டுகளாக அதே ஜாக்கெட். உள்ளே விட்டிருக்கும் தையலை முதலில் ஒரு வரி பிரித்து விடுவார்கள், பிறகு இரண்டாவது வரி. பிரிப்பதற்கு இனித் துணி இல்லை என்று தையல்காரர் சொன்ன நாளில், ஒரு பெண் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக என்னிடம் சொன்னார். பட்டுப்புடவைகளுக்கு உரிய ஜாக்கெட்டுகள் ஒன்றும் சேரவில்லை என்பதால் இரண்டு கல்யாணங்களுக்குப் போகாமலே இருந்துவிட்டாராம். பிறந்தவீட்டுக் கல்யாணம் அவற்றில் ஒன்று.

கல்யாண மண்டபத்துக்குப் போவதே சிலருக்குச் சோதனை. "என்னடி இப்படி உடம்பு வச்சிட்டே" என்பது நம்மிடையே நலம் விசாரிப்புக்கு நிகராகவே புழங்குகிறது. "இளைச்சுட்டியே, என்ன பண்ணினே, எங்களுக்கும் சொல்லேன்" என்பது பாராட்டு. இந்தப் பாராட்டு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 51 வயதுப் பெண் ஒருவர் ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்திருந்தார். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சியதால், அடிக்கடி தாகம் எடுப்பதையும் இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுவதையும் அவர் பொருட்படுத்தவில்லை. பிறப்புறுப்பில் அரிப்பு தாங்க முடியாமல் போனபோது என்னிடம் வந்தார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 11.4 சதவீதம் இருந்தது, 6.5 வந்தாலே அது நீரிழிவு. காரணம் தெரியாமல் எடை குறைவது மகிழ வேண்டிய செய்தியே அல்ல. ஊரார் கண்ணை அளவுகோலாக வைத்துக்கொண்டால் கூடுவதையும் தவறாகவே புரிந்துகொள்வோம், குறைவதையும் தவறாகவே புரிந்துகொள்வோம்.

அளக்கத்தான் வேண்டுமென்றால் வயிற்றுச் சுற்றளவை அளக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில், தையல் டேப்பை இறுக்காமல் வைத்துப் பார்க்க வேண்டும். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 31½ அங்குலம் என்பது எச்சரிக்கைக் கோடு. அதைத் தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100க்கு 40 பேர் அதிக எடை கொண்டவர்கள் என்றும், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்றும் தெரியவந்தது. பருத்த உடம்பில் சத்தும் நிறைந்திருக்கும் என்று எண்ணுவது எவ்வளவு பிழை என்பதை இந்த இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலே புரியும்.

பட்டினி கிடந்து இளைக்க முயல்பவர்கள் கொழுப்போடு தசையையும் சேர்த்தே இழக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறத்தாழ 12 கிராம் கிடைக்கும். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின், குழம்பின் அடியில் மிஞ்சியதைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுபவருக்கு இதில் பாதியாவது சேருமா என்பது சந்தேகமே. நடைப்பயிற்சி நல்லது, ஆனால் தசையையும் எலும்பையும் காப்பாற்ற அது போதாது. நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்குவது போன்ற வலுப் பயிற்சிகளை வாரத்தில் இரண்டு நாளாவது செய்ய வேண்டும்.

எடைக்கு அடுத்தபடியாக அதிகம் கண்ணீர் வரவழைப்பது தலைமுடி. வகிடு அகலமாகிறது, பூ வைத்தால் பின்னல் தாங்குவதில்லை என்பார்கள். வயதின் பங்கு இதில் உண்டு என்றாலும், தைராய்டையும் உடலின் இரும்புச் சேமிப்பையும் சோதிக்காமல் எண்ணெயை மாற்றிக்கொண்டே இருப்பது வீண். சாயம் பூசுவது அவரவர் விருப்பம். காதோரமோ கண்ணிமையோ வீங்கினால் அந்தச் சாயத்தை உடனே நிறுத்திவிட வேண்டும். கன்னத்தில் படரும் மங்குதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் பூசி, தோல் மெலிந்து சிவந்து, முன்பைவிட மோசமான முகத்தோடு வருகிறார்கள். கேரளத்தின் மலப்புரம் பகுதியில், பாதரசம் கலந்த சிவப்பழகுக் களிம்புகளைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட செய்தி 2023இல் வெளிவந்தது. முகத்தில் பூசியது முகத்தோடு நின்றுவிடுவதில்லை.

வெளியே தெரியாத மாற்றம் ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்குத்தான் பெண்கள் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து உலர்ந்துபோகிறது. உறவின்போது எரிச்சலும் வலியும் வருகின்றன. கணவரைத் தவிர்க்கிறார்கள், அவர் அதை வேறுவிதமாக எடுத்துக்கொள்கிறார், தன்னில் பெண்மையே போய்விட்டது என்று இவர் முடிவு கட்டுகிறார். உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பால் சில வாரங்களிலேயே பெரும்பாலானோருக்கு நிவாரணம் கிடைக்கும். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கலந்தாலோசிக்காமல் இதைத் தொடக்கூடாது. இரண்டு வாக்கியங்களில் கேட்டுத் தீர்த்துக்கொள்ளக்கூடிய இந்தத் தொல்லையை ஏழெட்டு ஆண்டுகள் சுமந்தவர்களை நான் அறிவேன்.

உடம்பு குப்பென்று கொதித்து வியர்ப்பதற்கும் மருந்து உண்டு. ஹார்மோன் மாத்திரை என்றாலே பலர் அஞ்சுவதற்கு அதன் அபாயங்களைச் சொல்லி 2002இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காரணம். ஆனால் அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குட்பட்டவர்கள், மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள் தொடங்கினால், தகுந்த பரிசோதனைகளுக்குப் பிறகு பலருக்கும் தீமையைவிட நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவ நிலைப்பாடு. எல்லாருக்கும் அது தேவை என்று நான் சொல்ல மாட்டேன். கேட்கவே பயந்து, பல ஆண்டுகள் இரவுத் தூக்கத்தை இழப்பது தேவையில்லை என்பேன்.

இந்த வயதை நாம் பேசாமலே கடந்துவிடுவதற்கு மொழியில்கூட ஒரு தடயம் இருக்கிறது. உலா இலக்கியங்கள் பெண்ணின் வாழ்வைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்களாக வகுத்தன. பேரிளம்பெண் 40 வயதோடு முடிந்துவிடுகிறாள். 41 வயதுப் பெண்ணுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. உலாப் போகும் தலைவனின் கண்ணுக்காக வகுத்த வரிசையில் அவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும். ஆனால் 40க்குப் பிறகு இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழப்போகும் பெண்கள், தங்களையும் அதே கண்ணால் பார்த்துக்கொள்வதுதான் வருத்தமளிக்கிறது.

கண்ணாடியைத் தவிர்ப்பவர்களிடம் நான் இப்போது ஒன்றை வற்புறுத்துகிறேன்: மாதம் ஒருமுறை குளித்தபின் மார்பகங்களைக் கண்ணாடியில் பார்த்து, கையால் தடவிப் பாருங்கள். கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், கசிவு என எது புதிதாகத் தெரிந்தாலும் உடனே வாருங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வந்துவிட வேண்டும். மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றுக்கான புற்றுநோய்ப் பரிசோதனையை 30 வயதைக் கடந்த பெண்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே செய்துகொள்ளலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கம் கெட்டு, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் அதை 'இந்த வயசு அப்படித்தான்' என்று தள்ளிவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

என் பக்கத்தில் சிறு மாற்றம் செய்திருக்கிறேன். எடை பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் செவிலியர் பார்க்கிறார். எண்ணைச் சத்தமாகச் சொல்வதில்லை. வந்த நோயை முதலில் பேசுகிறோம், எடையைக் கடைசியில் பேசுகிறோம். கோப்பில் ஒற்றை வரி எழுதுவதை விட்டுவிட்டேன்.

ஆசிரியை சென்ற மாதம் வந்திருந்தார். ஹீமோகுளோபின் 11.8 ஆகியிருந்தது, ரத்தப்போக்கு ஒழுங்காகிவிட்டது. எடை ஒன்றரைக் கிலோ மட்டுமே குறைந்திருந்தது. பழைய அளவு ஜாக்கெட்டைப் பாத்திரக்காரருக்குப் போட்டுவிட்டு, டேப் வைத்து அளவெடுத்துப் புதிதாக நான்கு தைத்துக்கொண்டதாகச் சொன்னார். சாதனம் எத்தனை வருஷத்துக்குத் தாங்கும் என்று கேட்டார். ஐந்து ஆண்டுகள் என்றேன். வெளியே போய் எடை இயந்திரத்துக்கு எதிரே நின்று, அடுத்த பரிசோதனைக்குப் பள்ளி விடுமுறை நாளாக ஒன்றை நாட்காட்டியில் தேடிச் செவிலியரிடம் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.