ஏற்காட்டுப் படம் மங்கலா வருதுன்னு கேமரா பாடியை மாத்தாதீங்க

மறுபடியும் ஒரு தம்பி என்னிடம் கேமரா சர்வீஸுக்கு வந்தார். தவணையில் புது ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) பாடி வாங்கியிருக்கிறார், ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து சேலத்தை எடுத்த படம் பழைய கேமராவில் வந்த மாதிரியே மங்கலாக இருக்கிறதாம், "சென்சார்ல கோளாறா அண்ணா?" என்கிறார். சென்சார் நன்றாகவே இருக்கிறது. படத்தின் விவரத்தைப் பார்த்தால் எஃப் 22 (லென்ஸ் துளையை மிகச் சிறிதாக்கி), ஷட்டர் 1/8 விநாடி, கையில் பிடித்து எடுத்தது, அதுவும் உச்சி வெயிலில் ஃபில்டர் மாட்டி. மாட்டியிருந்தது பழைய கேமராவோடு வந்த கிட் லென்ஸ். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை.

கிராப் சென்சாருக்கென்று, அதாவது ஃபுல் ஃப்ரேமை விடச் சின்ன சென்சாருக்கென்று, செய்த அந்த மாதிரி லென்ஸை ஃபுல் ஃப்ரேமில் போட்டால் பாடி தானாகவே நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் என்று காசு கொடுத்தது சுமார் 10 ஆகிவிடும். அவருடைய பழைய கிராப் பாடியிலேயே முழு 24 வந்துகொண்டிருந்தது!

இந்த மெகாபிக்சல் மயக்கம்தான் எனக்குத் தாங்கவே முடியவில்லை. 24 மெகாபிக்சல் என்றால் 6000-க்கு 4000 புள்ளி, அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தாலும் 20 அங்குல அகலம் வரும், வீட்டுக் கூடத்தில் மாட்டத் தாராளம். 45-க்குப் போனால் படம் இரண்டு மடங்கு ஆகும் என்று நினைக்கிறார்கள். அகலம் 8200 சொச்சம்தான், மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே கூடுகிறது, அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய் 1080 புள்ளிக்குச் சுருக்கி இன்ஸ்டாகிராமில் போடுவதற்கா கடன்? மதிய நேரத்துப் புகைமூட்டத்தை எந்த பாடியும் கரைக்காது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் விடியலில் அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள்.

முதலில் ட்ரைபாட் வாங்குங்கள், காற்றில் ஆடாத கனமானதாக. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 8-லிருந்து 11-க்குள், 2 விநாடி டைமர், சுருக்காத RAW கோப்பாக எடுங்கள், திரையில் லைவ் வியூவைப் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். ஏசி காரிலிருந்து பகோடா பாயிண்ட் பனியில் இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள், லென்ஸில் ஆவி படியும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு பையில் மூடி வைக்காதீர்கள், மலைக்குப் போகிறவர் லென்ஸ்தான் என் மேஜைக்குப் பூஞ்சையோடு வருகிறது. சிலிக்கா ஜெல் என்ன விலை இருந்துவிடப் போகிறது?

சரி, எப்போதுதான் மாற்றுவது? சேர்வராயன் மலையில் நட்சத்திரம் எடுக்கிறீர்கள், ஐஎஸ்ஓ 3200-க்கு மேல் போயே ஆகவேண்டும், அங்கே ஃபுல் ஃப்ரேமுக்கு ஏறக்குறைய ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு ஒளிக்குச் சமம்) ஆதாயம் உண்மையாகவே உண்டு. சுவர் முழுக்க அச்சடிக்க ஆர்டர் வருகிறது என்றாலும் மாற்றுங்கள். ஆனால் லென்ஸுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், பாடியோடு செலவு முடிவதில்லை. வாங்கும் முன் ஒரு சனி, ஞாயிறு வாடகைக்கு எடுத்து, உங்கள் பழைய கேமராவையும் அதே ட்ரைபாடில் வைத்து, இரண்டிலும் ஒரே காட்சியை எடுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மெமரி கார்டையும் லென்ஸையும் கொண்டு வாருங்கள் தம்பி, பார்த்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.