குளிர்நீரில் கிளைக்கோல்: வன்னியில் யாருக்குத் தேவை?

கிளிநொச்சியில் ஒரு கட்டடம். சித்திரை வெயிலில் பதினொரு மணிக்குப் பிறகு மேல்மாடியில் இருக்க முடியவில்லை என்று கூப்பிட்டார்கள். நீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் 7 பாகையில் நீரை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. வடிகட்டியும், அறைக் காற்றைக் குளிர்விக்கும் சுருளின் தகடுகளும் சுத்தம். ஆனால் 12 பாகையில் திரும்ப வேண்டிய நீர் அறையின் வெப்பத்தைச் சரியாக எடுக்காமல் 9 பாகையிலேயே திரும்பியது. வடிகுழாயைத் திறந்து விரலில் தேய்த்தேன், வழுவழுப்பு. கலவையின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் 35 வீதம் புரோப்பிலீன் கிளைக்கோல், நீர் உறையாமலிருக்கக் கலக்கும் திரவம்.

"துருப் பிடிக்காதாம் எண்டு முந்தி வந்த ஆக்கள் ஊத்தினவை, அண்ணை" என்றார் பராமரிப்புத் தம்பி.

இரணைமடு வாய்க்காலில் மதகு திறந்ததும் நீர் எப்படிப் புரண்டு வருகிறது? சுருளின் குழாய்க்குள்ளும் நீர் அப்படிப் புரள வேண்டும். அப்போதுதான் நடுவில் உள்ள குளிர் குழாய்ச் சுவரைத் தொடும். கிளைக்கோல் 30 வீதம் கலந்தாலே, 7 பாகையில் பிசுக்குமை, அதாவது ஓட விடாத தடிப்பு, நீரைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. பனம்பாணிபோல வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் உள்ள குளிர் வேலை செய்யாமலே திரும்பிவிடும். 15 மில்லிமீட்டர்க் குழாயில் நீர் எவ்வளவு புரள்கிறது என்று காட்டும் ரெனோல்ட்ஸ் எண் பத்தாயிரம் அளவிலிருந்து நாலாயிரத்துக்குக் கீழே இறங்கும். வால்வு பாதி மூடினால் 2300-க்கும் கீழே, புரளலே நின்றுவிடும். வெப்பக் கடத்துதிறனும் கால்பங்கு குறைவு. மாரியில் இன்னொரு தொல்லை: சுருளின் மேற்பரப்பு போதிய அளவு குளிராததால் காற்றின் ஈரம் வடியாது, அறை புழுங்கும்.

வன்னியில் நீர் உறைகிற குளிர் இல்லை. 7 பாகையில் ஓடும் ஏசிக்குக் கிளைக்கோல் வேண்டாம். துருவுக்குத் தடுப்பான் மருந்து போட்டு, கிணற்றுக் கல்நீருக்குப் பதிலாக மென்னீர் நிரப்பினால் சரி. பால் குளிரூட்டும் இடங்களில் 1 பாகையில் நீர் அனுப்புவதென்றால் கதை வேறு. அங்கே உள்ளே ஓடும் குளிரூட்டி பூச்சியத்துக்குக் கீழே இருக்கும், 25 வீதம் அளவில் புரோப்பிலீன் கலக்கத்தான் வேண்டும். அந்தக் கலவைக்கே கணக்குப் போட்ட சுருளையும் வாங்க வேண்டும். 'பாதுகாப்புக்கு' என்று 10 வீதம் ஊற்றுவது மிக மோசம், பக்டீரியாவுக்குத் தீனி.

அந்தக் கட்டடத்தில் கழுவி நீர் நிரப்பிய அன்றே நீர் 12 பாகையில் திரும்பத் தொடங்கியது. வடித்ததை வாய்க்காலில் விட நான் சம்மதிக்கவில்லை, பீப்பாக்களில் பிடித்தோம். இன்னொரு வகையான எத்திலீன் கிளைக்கோல் என்றால் இன்னும் கவனம்: இனிக்கும், மாடு குடித்தால் செத்துவிடும்.