பாஸைத் தின்னும் கண்ணாடித் தண்டு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "புதுச்சேரியில் ஒரு கடையில் காதை முழுதாக மூடும் பெரிய ஹெட்போன்கள் இரண்டை மாட்டிப் பார்த்தேன். ஒன்று ஓபன் பேக், மற்றது குளோஸ்டு பேக். இரண்டாவதில் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த நாதம் தரும் இடப்பக்கம், கும்மென்று கேட்டது. அதையே வாங்கினேன். வீட்டில் நாற்காலியில் சாய்ந்து, மடியில் புத்தகத்தோடு கேட்டால் அந்தத் தொப்பியைக் காணோம். காட்டியது ஒன்று, கட்டிக் கொடுத்தது வேறா?"

கடைக்காரரை விட்டுவிடலாம். கடையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்டியிருப்பீர்கள். வீட்டில் படிக்கும் கண்ணாடி முகத்தில் இருந்திருக்கும். என் ஊகம்தான், ஆனால் பந்தயம் கட்டத் தயார்.

வகைகளைப் பற்றி இரண்டே வரி. குளோஸ்டு பேக்கில், அதிர்ந்து ஒலி எழுப்பும் சவ்வின் பின்புறம் கிண்ணம் போல மூடியிருக்கும். வெளிச்சத்தம் குறையும், உங்கள் பாட்டும் பக்கத்து அறைக்குப் போகாது. ஓபன் பேக்கில் பின்புறம் வலை மட்டுமே. 1968இல் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 மூலம் சந்தைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. பின்பக்கம் போகும் ஒலி கிண்ணச் சுவரில் மோதித் திரும்பி வந்து குழப்பாததால் குரலும் வீணையும் தலைக்கு வெளியே, காற்றோட்டமாகக் கேட்கும்.

இனி பாஸ், அதாவது தாழ்ந்த அடித்தள ஒலி. எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை.

30 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 மீட்டருக்கும் மேல். அறையில் வைத்த எட்டு அங்குல ஸ்பீக்கர், ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு அந்த ஒலியை 94 டெசிபல் வலுவில் தர வேண்டுமானால், அதன் கூம்பு பல மில்லிமீட்டர் முன்னும் பின்னும் ஓட வேண்டும். திறந்த வெளியில் காற்று பிடி கொடுக்காது. மெல்லத் தள்ளினால் விலகிக்கொள்ளும். அதிர்வெண் பாதியானால் அதே வலுவுக்குக் கூம்பு நான்கு மடங்கு நகர வேண்டும்.

காதின் மேல் கவிழ்த்த கிண்ணத்தில் கதையே வேறு. அங்கே 11 மீட்டர் அலை உருவாக இடமில்லை, உருவாக வேண்டியதுமில்லை. அடைபட்ட காற்றைச் சவ்வு அமுக்குகிறது, தளர்த்துகிறது, அவ்வளவுதான். 94 டெசிபல் என்பது ஒரு பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) அழுத்த மாற்றம். வளிமண்டல அழுத்தமோ 1,01,325 பாஸ்கல். சவ்வுக்கும் காதுக்கும் நடுவே 60 கன சென்டிமீட்டர் காற்று இருப்பதாகக் கொள்ளுங்கள். அமுக்கும்போது காற்று சற்றுச் சூடாவதையும் கணக்கில் சேர்த்தால், அந்தக் கன அளவில் ஏறத்தாழ 1,40,000இல் ஒரு பங்கைக் குறைத்தாலே ஒரு பாஸ்கல் கிடைத்துவிடும். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள சவ்வு அதற்கு எவ்வளவு நகர வேண்டும்? ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு! அதிர்வெண் இன்னும் இறங்கினாலும் இதே நகர்ச்சி போதும். எட்டு அங்குலக் கூம்பு திணறும் இடத்தில் இந்தப் பிளாஸ்டிக் தாள் அசைந்ததே தெரியாமல் வேலையை முடித்துவிடுகிறது.

ஆனால் இது முழுக்க அடைப்பை நம்பி நடக்கும் வித்தை. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அரைகுறையாக மூடிக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். சட்டென்று அழுத்தினால் எதிர்ப்பு தெரியும்; நிதானமாக அழுத்தினால் காற்று விரலிடுக்கில் கசிந்துவிடும், கைக்கு ஒன்றும் தெரியாது. விரைவாக மாறும் மேல் ஸ்தாயிக்கு இந்தக் கசிவால் பாதிப்பு குறைவு. நிதானமாக மாறும் பாஸ் அழுத்தமாகத் திரளும் முன்பே வெளியேறிவிடும். குஷனுக்கும் கன்னப்பொட்டுக்கும் நடுவே கண்ணாடித் தண்டு உண்டாக்கும் சிறு இடைவெளி இதற்குப் போதும். சோதிக்க வேண்டுமா? பாட்டு ஓடும்போது இரு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். தொப்பி திரும்பி வந்தால் குற்றவாளி கசிவுதான். மெல்லிய உலோகத் தண்டு கொண்ட கண்ணாடிக்கு மாறலாம். தடித்த, மென்மையான குஷனும் உதவும்.

நம் கடற்கரையில் இன்னொரு கசிவும் உண்டு. தோல் போலத் தோன்றும் குஷன்களில் பல பாலியூரித்தேன் பூச்சு கொண்டவை. ஈரமும் வியர்வையும் அந்தப் பூச்சின் மூலக்கூறுப் பிணைப்புகளை அறுத்து, கறுப்புச் செதிலாக உதிர்த்துவிடும். கடலூர்க் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? காதோரம் செதில் ஒட்டுவதைப் பார்த்துத்தான் குஷனை மாற்றுகிறோம்; பாஸ் அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருக்கலாம்.

புது ஹெட்போனை நூறு மணி நேரம் ஓட விட்டால்தான் 'பழகும்' என்ற நம்பிக்கையை நான் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கும் சடங்கோடுதான் சேர்ப்பேன். இந்த நாட்களில் உண்மையில் பழகுவது குஷன். தலையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அமுங்கி இடைவெளியை அடைக்கிறது. கூடவே நம் மூளையும் பழகிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கேபிளைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

அந்தக் கோபத்தை வேறு பக்கம் திருப்புகிறேன். ஹெட்போன் போன்றவற்றை மாட்டி அளக்க ஒலி ஆய்வகங்களில் பயன்படும் புகழ்பெற்ற செயற்கைத் தலையான கெமார் 1972இல் வந்தது. அமெரிக்கர்களின் சராசரி அளவுகளில் செய்யப்பட்டது. குஷன் நம் தலையில் எப்படிப் பொருந்தும் என்று அறிய, நம் ஊர்க் காது மடல்களையும் தாடை வளைவுகளையும் அளக்கப் பெரிய எந்திரம் தேவையில்லை. ஜிப்மரும் ஒரு மத்தியப் பல்கலைக்கழகமும் இருக்கும் புதுச்சேரியில் சிறு நிதி ஒதுக்கினால் நடக்கும். அத்தகைய அளவெடுப்புக்குப் பணம் கேட்டால் 'இதனால் என்ன பயன்' என்ற கேள்விதான் முதலில் வரும் என்பது என் எண்ணம்.

சரி, வீட்டுக்கு எது? இரவில் தனியாக, அமைதியான அறையில், குரலிசை கேட்பவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓபன் பேக். சென்ஹைசர் எச்டி 600 போன்றவற்றில் பாஸின் அடிக்கோடி இயல்பாகவே சரியும். கசிவால் அவற்றின் ஒலித்தன்மை மாறுவது பொதுவாகக் குளோஸ்டு பேக்கைவிடக் குறைவு. 300 ஓம் மின்மறுப்பு உள்ள எச்டி 600ஐச் செல்பேசியில் நேராகச் செருகினால் ஒலி போதாமல் போகலாம், ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும். குழந்தை தூங்கும் அறையில், அல்லது தெருச்சத்தத்தில், ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் போன்ற குளோஸ்டு பேக். பாஸ் தூக்கலாக இருக்கும், அரை மணியில் காது வியர்க்கும்.

மின்விசிறிதான் சிக்கல். ஓபன் பேக் அதன் சத்தத்தை அப்படியே உள்ளே விடும். குளோஸ்டு பேக்கும் காற்றின் 'உஸ்'ஸைத்தான் நன்றாகத் தடுக்கும், அடித்தள உறுமலைப் பெரிதாகத் தடுக்காது. அதை மிஞ்ச ஒலியைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்வது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 83 ஆனால் 20 மணி நேரம்தான். விசிறியை ஒரு படி குறைத்துவிட்டுக் கேளுங்கள். மே மாதத்தில் அது நடக்காது. அப்போது விடிகாலையில் கேட்கலாம்.