கையெழுத்தை அடித்தவரும் நம்மவர்தான்

அந்தக் காகிதம் நான்காக மடிக்கப்பட்டிருந்தது. மேசையில் விரித்தபோது வரிசையாக ஒன்பது கையெழுத்துகள். ஏழாவது கையெழுத்தின் மேல் பேனாவால் திரும்பத் திரும்ப இழுத்து அடித்திருந்தது. அழுத்திய வேகத்தில் அந்த இடத்தில் காகிதமே கிழிந்துபோயிருந்தது.

ஒரே நிறுவனத்தில் இரவுப் பணி பார்க்கும் ஒன்பது பெண்கள் அன்று என்னிடம் மனநல ஆலோசனைக்கு வந்திருந்தார்கள். (அவர்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மேற்பார்வையாளரின் வசைகள், கழிப்பறையில் செலவான நிமிடங்களை எண்ணிச் சம்பளத்தில் பிடிப்பது, எதிர்த்துப் பேசியவருக்கு மறுவாரமே ஷிப்டை மாற்றுவது என்று ஒன்றரை வருடமாகப் பொறுத்திருக்கிறார்கள். கடைசியில் சேர்ந்து ஒரு புகார் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கொடுப்பதற்கு முந்தைய நாள் ஒருவர் தன் கையெழுத்தை அடித்துவிட்டார். புகார் கைப்பைக்குள்ளேயே தங்கிவிட்டது.

அவர்கள் என்னிடம் வந்தது மேற்பார்வையாளரைப் பற்றிப் பேச அல்ல. யாருக்கும் தூக்கம் வரவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை என்பதற்காக. அடித்தவரும் வந்திருந்தார். கதவோர நாற்காலியில், பையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் சேர்ந்துதானே போட்டோம்? இவங்க மட்டும் தப்பிச்சுக்கணுமா? இதுக்குப் பேரு கருங்காலித்தனம் இல்லாம வேற என்ன மேடம்?" என்றார் அவர்களில் இளையவர்.

கதவோரத்திலிருந்து பதில் வந்தது. "வீட்ல என் ஒருத்தி சம்பளம்தான். வேலை போச்சுன்னா மறுநாள் காலையில நான் என்ன பண்றதுன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க. இப்பவே மறுபடியும் போடுறேன்."

யாரும் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை என்பதைவிட, புகார் எழுதும்போது அதை யாரும் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பதுதான் எனக்கு உறைத்தது.

பயந்திருக்கும் மனிதர்களோடு இத்தனை வருடம் உட்கார்ந்து பேசியதில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். அடக்குமுறைக்கு ஆளான ஒரு குழு பெரும்பாலும் அடக்குகிறவரால் உடைவதில்லை. "சேர்ந்து நிற்போம்" என்பவர்களும் "பார்த்து நடப்போம்" என்பவர்களும் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்க்கத் தொடங்கும் நாளில்தான் உடைகிறது. முதல் தரப்பு இரண்டாம் தரப்பைக் கோழை என்கிறது. இரண்டாம் தரப்பு முதல் தரப்பைப் பார்த்து, எங்களையும் சேர்த்து மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்கிறது. அடக்குகிறவர் சும்மா இருந்தாலே போதும் என்ற நிலை வந்துவிடுகிறது.

இரண்டுமே பயத்தின் முகங்கள் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆபத்து வரும்போது சிலருக்கு உடம்பு முன்னே பாயச் சொல்கிறது, சிலருக்கு உறைந்து நிற்கச் சொல்கிறது. நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிடுகிறது, வாய் உலர்கிறது. இதில் எதையும் யாரும் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. பாய்கிறவர் வீரர், உறைகிறவர் துரோகி என்று பெயர் சூட்டுவதெல்லாம் பிறகு நாம் செய்கிற வேலை.

உளவியலில் 1950-களில் சாலமன் ஆஷ் நடத்திய ஒரு சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். சில கோடுகளைக் காட்டி எது எதற்குச் சமம் என்று கேட்பார்கள். அறையில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஏற்கெனவே சொல்லிவைக்கப்பட்டவர்கள். ஒரே குரலில் தவறான விடையைச் சொல்வார்கள். தனியாகக் கேட்டால் அநேகமாகத் தவறே செய்யாத மனிதர்கள் இங்கே, கூட்டம் தவறாகச் சொன்ன கேள்விகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக, அதே தவறான விடையைச் சொன்னார்கள். சரியான விடை சொல்லும் ஒரே ஒரு துணையை உள்ளே அனுப்பியபோது அந்தத் தவறுகள் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதுவரைதான் சொல்வார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த பகுதி. இன்னொரு சுற்றில் அந்தத் துணை பாதியில் கட்சி மாறிப் பெரும்பான்மையோடு சேர்ந்துகொண்டார். தவறுகள் மளமளவென்று மறுபடி ஏறிவிட்டன. வேறொரு சுற்றில் துணை கட்சி மாறவில்லை. வேறு வேலை இருக்கிறது என்று காரணம் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போனார். அவர் போன பிறகும் தவறுகள் கூடத்தான் செய்தன, ஆனால் கட்சி மாறியபோது கூடிய அளவுக்கு இல்லை. அவர் கொடுத்த தைரியத்தில் கொஞ்சம் அந்த அறையிலேயே தங்கிவிட்டது.

அது கோடுகளை அளக்கும் சோதனை. யாருடைய வேலையும் போகப்போவதில்லை. ஆனாலும் என் அறையில் திரும்பத் திரும்ப இதையே பார்க்கிறேன். காரணத்தை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு விலகுகிறவரால் குழுவுக்கு ஏற்படும் காயம் ஆறிவிடுகிறது. ராத்திரியோடு ராத்திரியாகப் பெயரை அடித்துவிட்டு மறுநாள் பேசாமல் இருப்பதுதான் ஆறாமல் நிற்கிறது. அப்படியென்றால் நாம் கேட்க வேண்டியது, "ஏன் விலகினாய்?" என்பதல்ல. எங்களிடம் சொல்லிவிட்டு விலக முடியாத அளவுக்கு உன்னை நாங்கள் எதில் பயமுறுத்தினோம் என்பது. அன்று அந்த அறையில் இதைக் கேட்டபோது இளையவர் தலையைக் குனிந்துகொண்டார். முந்தைய வாரம் குழுவில், "இதுல பின்வாங்குறவங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பியவர் அவர்தான்.

என் பங்குத் தவறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், விடுதிக் கொடுமைக்கு ஆளான மாணவர் குழு ஒன்று என்னிடம் வந்தது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து நின்றால் உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர்களிடம் சொன்னேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். கடைசியில் மூன்று பேர்தான் போனார்கள். அவர்களில் ஒருவருடைய படிப்பு அத்தோடு நின்றது. நான் சொன்ன சொல்லுக்கான விலையை அந்தப் பையன் கொடுத்தான். எனக்கு ஒரு நாள் வேலைகூடக் கெடவில்லை. அன்றிலிருந்து, இழக்க எதுவும் இல்லாத இடத்திலிருந்து யாரையும் "துணிந்து போ" என்று சொல்வதில்லை. வெளியிலிருந்து ஆதரவு தரும் நண்பர்களுக்கும் இதையே கேட்டுக்கொள்கிறேன். வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமை அடி வாங்கப்போகிறவருக்கு மட்டுமே உண்டு. நாம் செய்யக்கூடியது, அடி விழும்போது அவர் இழப்பதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வது.

எச்சரிக்கையும் ஒற்றுமையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதற்கு அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் 1955 டிசம்பர் 1 அன்று கைதானார். அதற்கு ஒன்பது மாதம் முன்பே, மார்ச் 2 அன்று, கிளாடெட் கொல்வின் என்ற பதினைந்து வயதுப் பெண் அதே காரணத்துக்காகக் கைதாகியிருந்தாள். அவளை முன்வைத்துப் போராட அங்கிருந்த தலைவர்கள் தயங்கினார்கள். வயது குறைவு என்பது உட்படப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. அந்தத் தயக்கம் முழுக்க நியாயமானதாக எனக்குப் படவில்லை. ஒரு சிறுமியைத் தனியாக நிற்கவைத்த எச்சரிக்கை அது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பேருந்துப் பாகுபாட்டை எதிர்த்துப் பிறகு நீதிமன்றம் போன நான்கு பெண்களில் அவளும் ஒருத்தி. 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த வெற்றி அந்த வழக்கில் கிடைத்ததுதான்.

அதே ஊரில் ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை இருந்தார். பார்க்ஸ் கைதான இரவே, பேருந்தைப் புறக்கணிக்கச் சொல்லும் பல்லாயிரம் துண்டறிக்கைகளைக் கல்லூரி இயந்திரத்திலேயே ரகசியமாக அச்சடித்தவர் அவர். தன் வேலைக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஆபத்து வரக் கூடாது என்பதால் தன்னை வெளிச்சத்தில் நிறுத்திக்கொள்ளவில்லை. அவரைக் கருங்காலி என்பீர்களா? 381 நாள் நீடித்த அந்தப் புறக்கணிப்பில் தினமும் வேலைக்குப் போய்வர ஏறக்குறைய முந்நூறு கார்களை முறைவைத்து ஓட்டினார்கள். "மறுநாள் காலையில நான் என்ன பண்றது" என்ற கேள்விக்கு அந்த ஊர் மக்கள் ஏற்பாடு செய்த பதில் அது. அந்த ஏற்பாடு இல்லாமல் ஒற்றுமை முதல் வாரத்தைத் தாண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

எச்சரிக்கைக்காக இவ்வளவு பேசிவிட்டேன். அது எப்போது நோயாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பதற்றத்துக்குச் சிகிச்சை அளிக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது: பயப்படும் ஒன்றைத் தவிர்த்தவுடன் மனதுக்கு ஒரு நிம்மதி வருகிறது, அந்த நிம்மதியே அடுத்த முறையும் தவிர்க்கப் பழக்குகிறது. பயம் குறைவதில்லை, வாழும் இடம்தான் குறுகுகிறது. முதலில் புகார் வேண்டாம் என்போம். பிறகு அதைப் பற்றிப் பேச வேண்டாம், பிறகு பாதிக்கப்பட்டவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் வேண்டாம். இந்த மூன்றாவது படிக்கு வந்துவிட்ட ஒருவர் தன்னை இன்னும் எச்சரிக்கையானவர் என்றே நம்பிக்கொண்டிருப்பார். இதை அடையாளம் காண நான் கேட்கும் கேள்வி, "எதுவரை?" என்பதுதான். "இப்ப வேண்டாம்" என்கிறவரிடம், எப்போது, அதற்குள் என்ன செய்து வைப்போம் என்று கேளுங்கள். சம்பள ரசீதுகளைச் சேர்த்துக்கொள்கிறேன், அடுத்த மாதம் பேசுவோம் என்று பதில் வந்தால் அது எச்சரிக்கை. பதிலே வராவிட்டால் பயம். பயத்துக்குத் தேவை துணை, அதட்டல் அல்ல.

சேர்ந்து நின்றால் ஆபத்து இல்லை என்ற பொய்யையும் யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. 1977 ஏப்ரல் 30 அன்று அர்ஜென்டினாவின் புவனோஸ் அய்ரஸ் நகரில், ராணுவ ஆட்சியில் காணாமல் போன பிள்ளைகளைத் தேடி 14 தாய்மார்கள் மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கத் தடை இருந்ததால் காவலர்கள் நடக்கச் சொன்னார்கள். அவர்கள் இரண்டிரண்டு பேராக நடக்கத் தொடங்கினார்கள். அந்தத் தடையின் விளிம்பிலேயே ஒரு போராட்டம் பிறந்தது. ஆனால் அந்த ஆண்டு டிசம்பரிலேயே அந்தப் போராட்டத்தில் இருந்த தாய்மார்களில் அசுசேனா வில்லாஃப்ளோர் உட்பட மூன்று பேர் கடத்திக் கொல்லப்பட்டார்கள். காணாமல் போனவர் ஒருவரின் சகோதரர் என்று நடித்து உள்ளே நுழைந்த கடற்படை அதிகாரி ஒருவர்தான் காட்டிக்கொடுத்தார். மிச்சமிருந்தவர்கள் மறுபடியும் சதுக்கத்துக்கு வந்தார்கள். என்ன நடக்கும் என்று தெரிந்து வந்தார்கள் என்பதே அவர்களை நினைக்கும்போதெல்லாம் என் தொண்டையை அடைக்கிறது.

என் அறைக்கு வந்த ஒன்பது பேரிடம் நான் வீரத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஆளுக்கொரு காகிதம் கொடுத்தேன். வேலை போனால் எத்தனை நாள் சமாளிக்க முடியும், எதை நிச்சயம் இழக்க முடியாது, எதைச் செய்யத் தயார் என்று எழுதச் சொன்னேன். ஒருவர் இரண்டு மாதம் என்று எழுதினார், இன்னொருவர் ஆறு மாதம். கதவோரத்தில் இருந்தவர் எழுதியது நான்கு நாள். காகிதத்தைப் படித்த இளையவர் அதற்குப் பிறகு கருங்காலி என்ற சொல்லை எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

பிறகு அவர்களுக்கு மாலுமிகளின் வழக்கம் ஒன்றைச் சொன்னேன். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் கப்பலில் குறை சொல்லி மனு எழுதினால், முதலில் பெயர் இருப்பவரைத்தான் கலகத்தின் தலைவன் என்று பிடித்துத் தண்டிப்பார்கள். அதனால் மாலுமிகள் கையெழுத்துகளைச் சக்கரத்தின் ஆரங்கள் போல வட்டமாகப் போட்டார்கள். முதல் ஆள் யார், கடைசி ஆள் யார் என்று கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் மறுபடி வந்தபோது புதிய காகிதம் இருந்தது. வட்டமாக எட்டுக் கையெழுத்துகள். கதவோரத்தில் இருந்தவர் மட்டும் போடவில்லை, போடப்போவதில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். எந்தத் தேதியில் மேற்பார்வையாளர் யாரை என்ன சொல்லித் திட்டினார், எத்தனை நிமிடத்துக்குச் சம்பளம் பிடித்தார் என்று பதினான்கு மாதக் கணக்கு, பொடிப்பொடி எழுத்தில். வேலை நேரப் பதிவேட்டை எழுதுகிறவர் அவர்தான் என்பதால் அவருடைய கையெழுத்து அலுவலகம் முழுக்கத் தெரியும். நோட்டை அப்படியே கொடுத்தால் முதலில் மாட்டுவது அவர்.

"குடுங்கக்கா, நாங்க பாத்து எழுதிக்கறோம்" என்று இளையவர்தான் கை நீட்டினார். என் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பக்கங்களைப் பிரித்துக்கொண்டு, எட்டுப் பேரும் எழுதினார்கள். முடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது. சில இடங்களில் எழுத்து புரியாமல் நிமிர்ந்து பார்த்தால், அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, விரல் வைத்து வாசித்துக் காட்டினார். கடைசிப் பக்கம் முடிந்ததும் மூல நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, எட்டு விதக் கையெழுத்தில் இருந்த கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.