மினிட் புத்தகத்தில் கை வைக்காதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், நாகர்கோவிலில் உள்ள என் வக்கீல் அலுவலகத்துக்கு இரண்டு பேரும் ஒரு துணிக்கடைப் பையும் வந்தார்கள். ஒருவர் மேற்கே உள்ள ஓர் ஊராட்சியின் முன்னாள் தலைவர். இன்னொருவர் அவருடைய மைத்துனர். தலைவர் பதவியில் இருந்த காலம் முழுக்க யோசனை சொன்னவர். பைக்குள் இருந்தது ஊராட்சிக் கூட்டத் தீர்மானங்களை எழுதும் மினிட் புத்தகம். அது அவர்கள் வீட்டில் இருந்ததே முதல் தப்பு. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோதே ஒப்படைத்திருக்க வேண்டியது.

விவகாரம் சின்னதுதான். தெருவிளக்கு வாங்கியதில் தீர்மானம் இல்லை, விலையும் நாற்பதாயிரம் ரூபாய் போலக் கூடுதல் என்று தணிக்கையில் ஆட்சேபணை எழுதியிருந்தார்கள். "இதுக்குப் பதில் எழுதலாமே, விளக்கு எரியுது இல்லையா?" என்றேன்.

"எரியுது சாரே. ஆனா அந்தக் காரியத்தை நாங்களே சரி பண்ணியாச்சு" என்றார் மைத்துனர்.

சரி பண்ணிய பக்கத்தைத் திறந்து காட்டினார். முன்னும் பின்னும் உள்ள பக்கங்களில் பால்பாயிண்ட் மை மங்கி, ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடக்கிறது. நடுவில் ஒன்றரைப் பக்கம் மட்டும் ஜெல் பேனாவில் பளபளவென்று ஒரு தீர்மானம். கீழே ஆறு உறுப்பினர்களின் கையெழுத்து. மூன்றாவது கையெழுத்துக்காரி அந்தத் தேதியில் மகளின் பிரசவத்துக்காக மஸ்கட்டில் இருந்தார் என்பது பேச்சுவாக்கில் தலைவர் வாயிலிருந்தே வந்தது. அவர் பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கும். அதைவிடப் பெரிய கூத்து, தணிக்கைக்காரர்கள் அந்தக் காலிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் 'தீர்மானம் இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள்.

நாற்பதாயிரம் ரூபாய்க்கு விளக்கம் எழுதி, தேவைப்பட்டால் பணத்தைக் கட்டி முடித்திருக்கலாம். இப்போது அது போலி ஆவண வழக்காக நிற்கிறது. இந்த ஆண்டில் இது எனக்கு நான்காவது. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னை அதிகம் எரிச்சலூட்டும் நம்பிக்கை ஒன்று உண்டு: "பேப்பர் இல்லைன்னா கேஸ் இல்லை." யார் சொல்லிக் கொடுத்தார்களோ! மினிட் புத்தகம் காணாமல் போனால் செலவு காணாமல் போய்விடுமா? பணம் போனது வங்கிக் கணக்கில் இருக்கிறது. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்புதல் கொடுத்தது இருக்கிறது. விளக்கு விற்ற கடைக்காரர் ஜி.எஸ்.டி. கணக்கில் அந்த பில்லைக் காட்டியிருப்பார். ஒன்றிய அலுவலகத்தில் மதிப்பீடும், வேலையை அளந்து எழுதும் எம்-புக்கும் இருக்கும். நூறு நாள் வேலை என்றால் இடக்குறியோடு போட்டோவே ஏறியிருக்கிறது. போதாக்குறைக்கு, 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு கூடிய மாவட்டம் நம்முடையது. இங்கே ஆர்.டி.ஐ. மனு எழுதத் தெரியாத வார்டு இல்லை. நீங்கள் கிழிக்க நினைக்கும் பக்கத்தின் நகல் எதிர்வீட்டுக்காரர் பீரோவில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. திங்கட்கிழமை அவர் அதைக் கலெக்டர் அலுவலகத்துக்கு எடுத்துப் போவார். ஆகக் கூடி, புத்தகத்தை ஒளித்தால் உங்களுக்குச் சாதகமான பக்கங்கள்தான் உங்கள் கையை விட்டுப் போகும்.

சாட்சியமாகக் காட்ட வேண்டிய ஆவணத்தை ஒளித்தாலோ அழித்தாலோ புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 241-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. மின்னணுப் பதிவுக்கும் அதே கதி. வாட்ஸ்அப் குழுவை இரவோடு இரவாகக் கலைக்கிறவர்கள் கவனிக்க.

ஊராட்சிக்காரர்கள்தான் விவரம் இல்லாமல் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் இதே வேலையைத்தான் செய்தார். 1972 ஜூன் 17-ஆம் தேதி, வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். அவர்களை அனுப்பியது நிக்சன்தான் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் ஆறே நாளில், உதவியாளர் ஹால்டிமேனோடு உட்கார்ந்து, உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வை வைத்து, வழக்கைத் துப்புத் துலக்கிய எஃப்.பி.ஐ.யின் விசாரணையைத் தடுக்கச் சம்மதித்தார். அந்த நவம்பர் தேர்தலில் ஐம்பது மாநிலங்களில் 49-ஐ ஜெயித்த மனுசன்! சும்மா இருந்திருந்தாலே போதும்.

அங்கேயும் ஒரு யோசனைக்காரர் இருந்தார், ஜான் டீன் என்ற வக்கீல். பிடிபட்டவர்கள் வாய் திறக்காமல் இருக்கப் பணம் போய்க்கொண்டிருந்தது. 1973 மார்ச் 21-ஆம் தேதி டீன் நிக்சனிடம் போய், பதவிக்குப் பக்கத்தில் ஒரு புற்றுநோய் வளர்கிறது, இன்னும் இரண்டு வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் ஆகும் என்றார். பணம் புரட்டிவிடலாம் என்பது நிக்சனின் பதில். அடுத்த மாதக் கடைசியில் டீனை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜூனில் டீன் செனட் குழு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நிக்சனின் அறையில் நடந்த பேச்செல்லாம் ஒலிநாடாவில் பதிவாகியிருந்தது. ஒரு நாடாவில் பதினெட்டரை நிமிடம் அழிந்திருந்ததும் பேச்சானது. உச்ச நீதிமன்றம் நாடாக்களைக் கொடுக்கச் சொன்ன பிறகு, 1974 ஆகஸ்ட் 9-ஆம் தேதி நிக்சன் பதவி விலகினார்.

டீனைத் துரோகி என்பார்கள். என் தொழிலில் பார்த்தவரை, நோட்டீஸ் வரும்வரை தலைவரும் யோசனைக்காரரும் ஒரே படகில் இருப்பார்கள். நோட்டீஸ் வந்த மறுநாள் ஆளுக்கொரு துடுப்பு. கையெழுத்து தலைவருடையது, யோசனை மைத்துனருடையது என்றால், விசாரணை அதிகாரி இருவரையும் தனித்தனி அறையில்தான் உட்காரவைப்பார். அதனால் இருவருக்கும் தனித்தனி வக்கீல் வேண்டும். "குடும்பத்துக்குள்ள என்ன சாரே தனி வக்கீல்?" என்று அன்றைக்கும் கேட்டார்கள். குடும்பம் என்பதால்தான் சொல்கிறேன்.

அப்புறம், வக்கீலிடம் சொன்னால் ரகசியம் என்று நினைத்து, இனிமேல் செய்யப்போகிற திருட்டு வேலைக்கு என்னிடம் வழி கேட்காதீர்கள். நடந்ததைச் சொன்னால் அது என்னோடு இருக்கும். குற்றம் செய்யக் கேட்கும் யோசனைக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆவது பிரிவு பாதுகாப்புத் தராது.

கடிதம் வந்தால் வந்த தேதியை உறையிலேயே குறித்துவையுங்கள். பதிலுக்குக் கெடு இருக்கும், அது டீக்கடையில் பேசித் தீர்வதற்குள் முடிந்துவிடும். கையில் இருக்கும் அலுவலகப் புத்தகங்களை அப்படியே, திருத்தாமல், ஒப்புகை வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். நகல் வேண்டுமென்றால் முறையாகக் கேட்டு வாங்குங்கள். புகார் கொடுத்தவர் வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள். ஏத்தன்பழக் குலையோடு போனாலும் அதை மிரட்டல் என்றுதான் எழுதுவார்கள். நிருபரிடம் "ஆதாரம் இருந்தா காட்டட்டும்" என்று சவால் விடாதீர்கள். காட்டிவிடுவார்கள். பதவி முடிந்தது, விவகாரமும் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். தயவுசெய்து, எதையும் எழுதுவதற்கு முன்னால் வாருங்கள். எழுதிய பிறகு வந்தால் என் ஃபீஸ்தான் கூடும்.

இதையெல்லாம் அந்த இருவரிடமும் ஒன்றரை மணி நேரம் சொன்னேன். புத்தகத்தைத் திங்கட்கிழமையே தனி அலுவலரிடம் ஒப்படைத்துவிடுவது, அந்தத் தீர்மானத்தை எந்தப் பதிலிலும் காட்டுவதில்லை என்று முடிவானது. தலைவர் கண் கலங்கி, கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினார். மைத்துனர் மட்டும் வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எல்லாம் சரிதான் சாரே. அந்த ஒன்றரைப் பக்கத்தை மட்டும் ஒரு பிளேடு வச்சு…"

தலைவரை மேலே வரச் சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.