ஆர்.ஓ. மெஷினுக்குள் ஏன் இந்த வரிசை?

ராமநாதபுரம் கடற்கரையோரத்தில் பல வீடுகளுக்கு இரண்டு விதமான தண்ணீர். ஒன்று குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர், அது வராத நாளில் உப்பு ஏறிய போர் தண்ணீர். இரண்டையும் ஒரே ஆர்.ஓ. மெஷினில்தான் விடுகிறோம்.

மெஷினுக்குள் விலை கூடியது மெம்பரேன், அதாவது உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வு. காப்பில்லாவிட்டால் சீக்கிரம் கெடுவதும் அதுதான். முன்னால் இருப்பதெல்லாம் அதைக் காப்பாற்றத்தான். முதலில் செடிமென்ட் ஃபில்டர், பெரும்பாலும் 5 மைக்ரான். மாட்டும்போது பால் வெள்ளை, கழற்றும்போது செங்காவி. மணல், சேறு, துரு எல்லாம் அதோடு நின்றுவிடும். அடுத்தது கார்பன். கூட்டுக் குடிநீரில் கிருமி சாகக் குளோரின் கலப்பார்கள், மெம்பரேனின் மேல்படலமோ பாலிஅமைடு, குளோரின் பட்டுக்கொண்டே இருந்தால் அது சிதைந்து உப்பை உள்ளே விட்டுவிடும், அதனால் குளோரினைக் கார்பனிலேயே முடித்துவிட வேண்டும். சரி, கார்பனை முதலில் வைத்தால்? சேறு போய் அதன் நுண்துளைகளை அடைத்துவிடும், அப்புறம் அது இருந்தும் பயனில்லை.

போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, சுண்ணாம்பு இருக்கும். அது மெம்பரேனில் படியாமலிருக்க ஆன்டிஸ்கேலன்ட் என்று ஒரு சின்ன கார்ட்ரிட்ஜ்.

இனி மெம்பரேன். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புக்குச் சுமார் 0.7 பார் எதிரழுத்தம் உண்டு, அதை மீறித் தள்ளத்தான் பம்ப். சாயல்குடி பக்கம் நரிப்பையூரில் அமைத்த ஆலைபோல் கடல்நீரையே குடிநீராக்க வேண்டுமானால் 50 பாருக்கு மேல் வேண்டும். வீட்டு மெஷின் 2,000 டிடிஎஸ் (லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) தாண்டினாலே திணறும்.

கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கு பின்னால் இருப்பதற்கும் காரணம் உண்டு. கலங்கலில் ஒளி நுழையாது, குளோரினும் போய்விட்டதால் டேங்கில் தேங்கும் தண்ணீருக்கு வேறு காவல் இல்லை.

இந்த ஊருக்கு முக்கியமானது டிடிஎஸ் கன்ட்ரோலர். மெம்பரேன் வழியே போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு அது. காவிரித் தண்ணீர் 300 டிடிஎஸ், மெம்பரேன் தாண்டினால் 25 என்று வையுங்கள். சர்வீஸ்காரர் சுவைக்காக அதை 100 ஆக்கினால், கால் பங்குக்குச் சற்று மேல் வடிகட்டாத தண்ணீர் கலக்கிறது. அதே திருகோடு 2,000 டிடிஎஸ் போர் தண்ணீரை விட்டால் டம்ளருக்கு வருவது ஏறக்குறைய 650. இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 500. எனவே திருகச் சொல்வதானால் போர் தண்ணீர் ஓடும் நாளில் சொல்லுங்கள். காவிரித் தண்ணீர் வரும்போது சுவை கொஞ்சம் சப்பென்று இருந்துவிட்டுப் போகட்டும்.